கிழவிக்குக் கிழட்டு நாயா?

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா போனபிறகு அம்மா டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 71. எனக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை, மாதம் ஒருமுறைதான் வரமுடிகிறது. துணைக்கும் காவலுக்கும் ஆகட்டும் என்று ஒரு நாய்க்குட்டி எடுக்க அம்மாவைக் காப்பகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். படிவத்தில் வயதைப் பார்த்ததும் குட்டி தரமாட்டோம் என்றார்கள். ஒன்பது வயது நாய் ஒன்றைக் காட்டி, "இது பொருத்தமாக இருக்கும்" என்றார்கள். "கிழவிக்குக் கிழட்டு நாயா?" என்று அம்மா வழியெல்லாம் புலம்பினார். எனக்கும் கோபம்தான். இரண்டு வருடத்தில் அதுவும் செத்துப்போனால் அம்மா தாங்குவாரா? தெரிந்தவர் ஒருவர் நல்ல சாதிக்குட்டி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

சா., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். அவர்கள் சொன்ன விதம் கரடுமுரடாக இருந்திருக்கலாம், சொன்ன விஷயம் சரிதான்.

நடுத்தர உடம்புள்ள நாய் பன்னிரண்டு, பதிமூன்று வருடம் இருக்கும். இன்று குட்டி எடுத்தால் அது தளரும்போது அம்மாவுக்கு 84. அன்றைக்கு அதை யார் பார்ப்பது? ஜோகன்னஸ்பர்க் ஃபிளாட்டில் நீங்களா? காப்பகத்துக்கு வரும் வயதான நாய்கள் பலவற்றின் கதை இதுதான். வளர்த்தவர் காலமாகியிருப்பார், இல்லை முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். பிள்ளைகள் வீட்டில் இடம் இருக்காது.

இதைச் சொல்லும் நானே ஒரு நாயைக் கொண்டுபோய் விட்டவள். அப்பாவுக்கு எழுபது தாண்டியபோது, விளம்பரம் பார்த்து ஒரு லாப்ரடார் கலப்புக்குட்டி வாங்கிக் கொடுத்தேன். செருப்பு, டிவி ரிமோட், கடைசியில் அப்பாவின் காது மெஷின் வரைக்கும் கடித்துத் துப்பியது. எட்டாவது மாதம் காலை நடையில் மதில்மேல் இருந்த குரங்கைப் பார்த்துப் பாய்ந்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்த அப்பா, சரிவில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். குட்டியின்மேல் ஒரு பிழையும் இல்லை. காப்பகப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'நேரமில்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். நான் வாங்கியதுதான் தப்பு என்று எழுதக் கை வரவில்லை.

ஒரு வருடம் கழித்து அதே இடத்திலிருந்து வந்தவன் மணி. ஒன்பது வயது. பழுப்பு நிறம், சுருண்ட வால். தமிழ்நாட்டுத் தெருவில் விட்டால் அங்கேயே பிறந்தவன் என்பார்கள். கண்ணில் நீலமாக ஒரு மங்கல். புரை என்று பயந்தோம். வயதானால் வருவதுதான், பார்வை பெரிதாகக் கெடாது என்றார் மருத்துவர். முதல் மூன்று நாள் கேட் ஓரமே கிடந்தான். யாரும் பார்க்காதபோதுதான் சாப்பிடுவான். மூன்றாவது வாரம் சமையலறை வாசல்வரை வந்தான். அப்பாவின் நாற்காலியடியில் மல்லாந்து தூங்க மூன்று மாதம் ஆயிற்று. எதையும் கடிக்கவில்லை, உள்ளே அசிங்கம் செய்யவில்லை. வெளியே போகவேண்டுமென்றால் கதவைப் பார்த்தபடி நிற்பான், அவ்வளவுதான்.

எங்களிடம் வரும்போது அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'ஃபுட்செக்', 'ஓடிப்போ' என்று விரட்டும் ஆஃப்ரிகான்ஸ் சொல். நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்காத நாய் உண்டா? பக்கத்துவீட்டுக்காரர் குரங்கை விரட்ட அதைச் சொன்னாலும் இவன் கட்டிலடியில் போய் ஒடுங்கிவிடுவான். 'வா' என்பதை இரண்டே நாளில் படித்துக்கொண்டான்.

காவல் என்றீர்கள். குரைக்க வயது தடையில்லை. பாதிக் காது போனபிறகும் கேட் அதிர்ந்தால் எழுந்து குரைத்தான். தீபாவளிக்கும், நவம்பர் 5 அன்று பட்டாசு வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவுக்கும் டர்பன் நாய்கள் வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடுகிறபோது இவன் குறட்டை விட்டான். செவிட்டுக்கு அந்த ஒரு லாபம்.

செலவு உண்டு, மறைக்கவில்லை. முதல் வாரமே பல்லையும் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். மணிக்கு இரண்டு கடைவாய்ப்பல் பிடுங்கியபின்தான் வாய்நாற்றம் போனது. அந்தச் செலவை அம்மாவின் பென்ஷனில் ஏற்றாதீர்கள். ரேபிஸ் ஊசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். 1976-இல் மொசாம்பிக் பக்கமிருந்து மறுபடி வந்த அந்த நோய் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தை விட்டு இன்னும் போகவில்லை. ஊசி சட்டப்படி கட்டாயம், கிழட்டு நாய்க்கும்தான். சாட்ஸ்வொர்த் மேட்டு வீடுகளின் படிகள் உங்களுக்கே தெரியும். டைல்ஸ் தரையிலும் படியிலும் ரப்பர் விரிப்புப் போட்டால் நாயின் இடுப்புக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் சேர்த்தே நல்லது. அம்மா தன் மூட்டுவலி மாத்திரையில் பாதியை அதற்கு உடைத்துக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். வெங்காயமும் ஆகாது. புரட்டாசி வந்தால் நாயையும் சாம்பார் சாதத்துக்கு மாற்றிவிடுவார்கள் நம் அம்மாக்கள், அதனால் சொல்கிறேன்.

செத்துப்போனால் என்று கேட்டீர்கள். மணி நான்கு வருடம் இருந்தான். கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்கே இன்னொரு கிழவன் இருப்பானே, போய்ப் பார்ப்போமா?" என்றார்.

ஒன்று உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் அம்மா நாய் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் கூட்டமில்லாத வாரநாளில் போங்கள். அம்மாவுக்கு அங்கேயே ஒரு நாற்காலி கேட்டுப் போட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். அம்மாவும் நாயும் அரைமணி நேரமாவது சேர்ந்து இருக்கட்டும். கொஞ்சநாள் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். தருவதற்குமுன் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். வேலியில் ஓட்டை இருந்தால் அவர்கள் வருமுன் அடைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா