எக்ஸ்ரேயில் 14 டிகிரி வளைவு: மகளுக்கு பெல்ட் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை. யூனிஃபார்முக்கு அளவெடுத்த டெய்லர், வலது தோள் தூக்கலாக இருக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். 'மார்புப் பகுதியில் வலப்புறம் லேசான ஸ்கோலியோசிஸ், உச்சி டி8, காப் கோணம் 14 டிகிரி, ரிஸ்ஸர் 1' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வலி இல்லை. புத்தகப்பை சுமந்ததால் வந்ததா? பெல்ட் போட வேண்டுமா, டாக்டர்?

பதில்: இப்போதைக்கு பெல்ட் வேண்டாம், அம்மா. அதற்காக 'லேசான' என்ற சொல்லை நம்பி ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடவும் கூடாது.

ஸ்கோலியோசிஸ் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. அந்த வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே அளப்பதுதான் காப் கோணம். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. வளரும் பிள்ளைக்கு 25 டிகிரியைத் தாண்டினால் பெல்ட் (பிரேஸ்), 45 முதல் 50-ஐ எட்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். உச்சி டி8 என்றால், நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகியிருப்பது எட்டாவது மார்பு முள்ளெலும்பு. இந்த வயதில் மார்புப் பகுதி வளைவு பெரும்பாலும் வலப்புறம்தான் வரும். இடப்புறம் வளைந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது பற்றி யோசித்திருப்பேன்.

14-ஐவிட நான் கவனிப்பது அந்த 'ரிஸ்ஸர் 1'-ஐத்தான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை 0 முதல் 5 வரை சொல்லும் கணக்கு அது. 1 என்றால் வளர்ச்சி இன்னும் நிறைய பாக்கி. பெண்பிள்ளைகள் வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்புதான். வளைவு கூடினால் அப்போதுதான் கூடும். ரிஸ்ஸர் 0, 1-ல் இருக்கும் லேசான வளைவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதிகமாகிறது. இதே 14 டிகிரி ரிஸ்ஸர் 4-ல் இருந்திருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அடுத்த எக்ஸ்ரே எடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் வரும். 14 என்பது 17 ஆனால் கூடிவிட்டது என்று பதற வேண்டாம். 20 ஆனால் கூடியிருக்கிறது. முடிந்தவரை அதே சென்டரில், செருப்பைக் கழற்றி, நின்றபடி, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படமாக எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் வளைவு குறைந்து தெரியும். கதிர் முதுகுப் பக்கமிருந்து பாயும்படி எடுத்தால் மார்பிலும் தைராய்டிலும் படும் கதிர்வீச்சு குறையும். டாக்டரிடம் போகும்போது பழைய ஃபிலிமையோ சிடியையோ கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முதல் முறை அளந்த அதே முள்ளெலும்புகளில் மறுபடி அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு கால் குட்டையாக இருந்து இடுப்பு சாய்ந்தாலும் முதுகு வளைந்தாற்போலத் தெரியும். கால் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மாதம் ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பிக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகு மட்டத்துக்குப் பாருங்கள். விலாப்பக்கம் ஒருபுறம் மேடு கூடுகிறதா என்பது தெரியும். தினமும் செய்து பிள்ளையைக் கவலைப்பட வைக்காதீர்கள்.

புத்தகப்பையோ, கூன்போட்டு உட்காருவதோ இதற்குக் காரணமல்ல. பெரும்பாலும் காரணம் தெரியாமல் வருவது இது. சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். கால்சியம் மாத்திரை, கம்பியில் தொங்குவது, எண்ணெய் தடவி நீவிவிடுவது எதுவும் வளைவை நிமிர்த்தாது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் எலாஸ்டிக் பெல்ட்டும் அப்படித்தான். உண்மையான பிரேஸ் உடம்புக்கு அளவெடுத்து பிளாஸ்டிக்கில் செய்வது. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் போடுகிறோமோ அந்த அளவுக்குத்தான் பலன். விளையாட்டு, நீச்சல், நடனம் எதையும் நிறுத்த வேண்டாம்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை, தோலில் காபி நிறத் திட்டுகள் பல, இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே முதுகெலும்பு நிபுணரிடம் காட்டுங்கள்.