இரவு வேலையை விடுவதா, வேலை தேடுவதை நிறுத்துவதா?

வணக்கம். பகலில் அலுவலகம், இரவு 8 முதல் 11 வரை மொழிபெயர்ப்பு வேலை, அதற்கப்புறம் புது வேலைக்கு விண்ணப்பங்கள். 2 மாதமாகியும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நானும் நடுராத்திரியில்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கடிதத்தின் முதல் வரியிலேயே வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்ததை, அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு மனசு உடைந்துபோனது. அப்புறம் வாரத்தில் 3 நாள், விடிகாலையில் 1 மணி நேரம் தேடலுக்கென்றே ஒதுக்கினேன். ஒரே ரெஸ்யூமேயை 10 இடங்களுக்கு அனுப்புவதை விட்டு, 2 இடங்களுக்கு மட்டும், அவர்கள் கேட்கும் திறமைகள் முதல் பாதியிலேயே கண்ணில் படும்படி திருத்தி அனுப்பினேன். பிறகுதான் அழைப்பு வர ஆரம்பித்தது.

மொழிபெயர்ப்பையும் ரெஸ்யூமேயில் சேருங்கள், அதுவும் அனுபவம்தானே. ஆனால் முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். சில நிறுவனங்களில் முன் அனுமதி வாங்க வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். நோட்டீஸ் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், எத்தனை நாள் என்றும் பார்த்துவையுங்கள், நேர்காணலில் பெரும்பாலும் கேட்பார்கள்.