எம்.என்.டி. நோய்க்குச் சூழல் காரணமா? கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு எம்.என்.டி. (மோட்டார் நியூரான் டிசீஸ், தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்து தசைகள் தளரும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள் சார். வாழ்நாளெல்லாம் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்தவர். அதனால்தான் வந்ததா?

பதில்: பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களிடம் இந்நோய் சற்றுக் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மருந்தடிக்கிற மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. பலரைச் சேர்த்துப் பார்த்துக் கண்டதை வைத்து, 'உங்க அப்பாவுக்கு இதனால்தான்' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சிகரெட்டும் அப்படித்தான். பத்தில் ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது. சொந்தத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று விசாரித்து வையுங்கள், டாக்டர் கேட்பார்.

கேள்வி: அப்போது சூழல்தான் காரணம் என்று எங்கேயும் நிரூபிக்கவில்லையா?

பதில்: மிக அருகில் போன இடம் பசிபிக் கடலின் குவாம் தீவு. 1950களில் அங்குள்ள சாமோரோ மக்களிடம் இந்நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு அதிகம். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அங்கேயே நெடுநாள் தங்கியவர்களில் சிலருக்கும் வந்தது. அடுத்த தலைமுறையில் மளமளவென்று குறைந்துவிட்டது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. மாறியது சாப்பாடோ மண்ணோ தண்ணீரோதான். சந்தேகம், பனைபோலத் தோன்றும் சைகஸ் மரத்தின் விதை மாவின் மேல் விழுந்தது. நஞ்சு போகப் பலமுறை ஊறவைத்துக் கழுவித்தான் ரொட்டி சுடுவார்கள். 1967இல் அவ்விதையிலிருந்து பி.எம்.ஏ.ஏ. என்ற நச்சைப் பிரித்தார்கள். கழுவிய மாவில் அது மிகக் குறைவு என்று மறுப்பு வந்தது. விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலை மக்கள் சாப்பிட்டதால் நச்சு சேர்ந்திருக்கலாம் என்று 2002இல் இன்னொரு கருத்து. என்னைக் கேட்டால், சூழலுக்குப் பங்கு உண்டு, எந்தப் பொருள் என்கிற வழக்குதான் முடியவில்லை.

கேள்வி: பிரான்ஸில் காளானால் வந்ததாமே?

பதில்: ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷவன் என்ற சிற்றூர். நோயாளிகள் நச்சுள்ள பொய் மோரல் காளானைச் சாப்பிட்டு வந்தவர்கள் என்றது 2021இல் வந்த ஆய்வு. எண்ணிக்கை சிறியது. வலுவான சந்தேகம், அவ்வளவே.

கேள்வி: 'மெட்ராஸ் எம்.என்.டி.' என்கிறார்களே, நம் சென்னைத் தண்ணீரா காரணம்?

பதில்: தண்ணீரை விட்டுவிடுங்கள், பாவம்! 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்ததால் அந்தப் பெயர். இந்நோயின் ஒரு வகை அது. இளவயதில் தொடங்கும், காது கேட்காமல் போகும், மெதுவாகத்தான் முற்றும்.

கேள்வி: அம்மாவுக்கும் இதே நோய். முடியைச் சோதித்து, உடம்பிலுள்ள உலோக நச்சை இறக்கும் சிகிச்சை தருகிறார்களாம். போகலாமா?

பதில்: வேண்டாம். ஈயம் ஏறினால் மணிக்கட்டு தொங்கி இந்நோய்போலவே தோன்றலாம். அதனால் ஈயத்தோடு வேலை பார்த்தவர் என்றால் ரத்தத்தில் அளவு பார்ப்பது நியாயம். முடிச் சோதனையை நம்பி அந்தச் சிகிச்சைக்குப் போவது வீண், சிறுநீரகத்துக்கும் ஆபத்து. அந்தப் பணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் மூச்சுத்திறனைச் சோதியுங்கள்.