இரண்டு சீட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

இலந்தைகுளம் ஐ.டி. பூங்காவில் ஜாவா எழுதுகிறேன். எங்கள் பில்லிங் கிளாஸ்களுக்கு (பில் போடும் கோடின் பகுதிகள்) யூனிட் டெஸ்ட் கவரேஜ் 80 சதவீதம் வேண்டும், அதாவது கோடில் அவ்வளவு பங்காவது டெஸ்டில் ஓட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டெஸ்டைத் தானே எழுதும் எவோசூட் என்ற கருவியை ஓடவிட்டேன். டெஸ்ட் டேட்டா முதற்கொண்டு எல்லாவற்றையும் அதுவே எழுதிவிட்டது. 86 சதவீதம், அத்தனையும் பச்சை, ஒன்றும் தோற்கவில்லை. இனிமேல் கையால் டெஸ்ட் எழுதுவது வீண் வேலைதானே? எவோசூட், அதே மாதிரிக் கருவியான ராண்டூப், இரண்டில் எதைப் படிக்கலாம்? சென்னைக்குப் போனால்தான் வளர முடியுமா?

ச., மதுரை

அன்புள்ள தம்பி,

சென்னைப் பேச்சை விடுங்கள். எந்தக் கருவி என்பதும் பெரிதில்லை, இரண்டையும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அந்த 'வீண் வேலை'தான் என்னைச் சுட்டது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முன்பணம் வாங்கிய விவசாயியிடம் நாளொன்றுக்கு 200 ரூபாய் பிடிக்க வேண்டும். எடை பூஜ்யம், கால் கிலோ, ஆயிரம் கிலோ என்று எல்லாம் கொடுத்து டெஸ்ட் எழுதியிருந்தேன். ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் காலையில் மல்லிகை போட்டுச் சீட்டு வாங்கினார். அடுத்த பஸ்ஸில் மகன் மிச்சப் பூவைக் கொண்டுவந்தான், இன்னொரு சீட்டு. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டையும் பிரித்து என் முன்னால் நீட்டி, "ரெண்டு வாட்டி பிடிச்சிருக்கீகளே தம்பி" என்றார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர். என் டெஸ்ட் ஒவ்வொன்றும் புது ஆப்ஜெக்டில், அதாவது புதிதாகத் திறந்த ஒரு விவசாயியின் கணக்கில், ஒரு முறை பூ போட்டு, ஒரு முறை சீட்டுப் போட்டு முடிந்துவிடும். இரண்டாவது சீட்டை நான் நினைக்கவே இல்லை.

ஆப்ஜெக்டுக்கு டெஸ்ட் டேட்டா என்றால் எண்களோடு தீராது தம்பி. பூ போடு, சீட்டுப் போடு என்பது போன்ற மெத்தடுகளில் எதற்குப் பிறகு எதை அழைத்தோம் என்ற வரிசையும் டேட்டாதான். 2007-இல் வந்த ராண்டூப், சரியாக ஓடிய அழைப்புகளின் வாலில் இன்னொன்றை ஒட்டி ஓட்டிப் பார்க்கும். 2011-இல் வந்த எவோசூட், கவரேஜ் கூடும்படி மரபணு அல்காரிதத்தால், அதாவது நல்லவற்றை வைத்துக் கலந்து மாற்றிப் பார்த்து, வரிசைகளைத் தேடும். எனக்குத் தோன்றாத அந்த வரிசை அவற்றுக்குச் சிக்கியிருக்கலாம். சிக்கி என்ன செய்திருக்கும்? ஓட்டிப் பார்த்து, பிடித்தம் 400 என்று வந்ததை அப்படியே அஸர்ட்டாக, அதாவது வரவேண்டிய சரியான விடையாக, எழுதி வைத்திருக்கும். பச்சை! நாளைக்கு ஒருவர் அதை 200 ஆகத் திருத்தினால் சிவப்பு காட்டும். 86 சதவீதம் என்று எழுதினீர்களே, அதில் ஒரு அஸர்ட்டையாவது வாசித்தீர்களா? வாசிக்காமல் கமிட் செய்தது (கோடோடு சேர்த்து வைத்தது) பொறுப்பில்லாத வேலை. தப்புக்குக் காவல் வைத்திருக்கிறீர்கள்.

கருவியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வரிசைகளை அது உண்டாக்கட்டும், விதியை நீங்கள் எழுதுங்கள். ஹாஸ்கெல் என்ற நிரல் மொழிக்கு வந்த குவிக்செக் கருவி காட்டிய வழி இது. ஜாவாவில் அதே வழியில் ஜேக்விக் இருக்கிறது. 'எப்படி அழைத்தாலும் ஒருநாள் பிடித்தம் 200-ஐத் தாண்டாது' என்று ஒரே ஒரு விதி எழுதியிருந்தால், அதை உடைக்கும் வரிசையை அதுவே தேடியிருக்கும். அந்த விதி என் கோடில் எங்கும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

நாளைக்கே உங்கள் பில்லிங் கிளாஸோடு கணக்குப் பிரிவில் போய் உட்காருங்கள். எது எந்த நாளும் மாறக்கூடாது என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.