650 குதிரைத்திறன் கோல்ஃப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிபிசியின் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சியின் பழைய பகுதி ஒன்றில், 12 சிலிண்டர் எஞ்சின் பொருத்திய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரைத் தொகுப்பாளர் ஜெரிமி கிளார்க்சன் ஓட்டித் திணறுவதைப் பார்த்தேன். அந்தக் கார் உண்மையானதா, நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்டதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மையான கார்தான். ஆனால் செய்யப்பட்டது ஒன்றே ஒன்று. செய்தது தொலைக்காட்சிக்காரர்கள் அல்லர், ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே. ஆஸ்திரியாவின் வோர்தர்ஸே ஏரிக்கரையில் கோல்ஃப் காரின் வேகமான வடிவமான ஜி.டி.ஐ.யின் பிரியர்கள் ஆண்டுதோறும் கூடுவது வழக்கமாக இருந்தது. 2007ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அவர்களை வியக்க வைப்பதற்காக, ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் காரை அடிப்படையாகக் கொண்டு, 'ஜி.டி.ஐ. டபிள்யூ12-650' என்ற பெயரில் இதை உருவாக்கினார்கள்.

அந்தக் காலத்தில் கடைக்கு வந்த ஜி.டி.ஐ. காரின் 2 லிட்டர் டர்போ எஞ்சின் 200 குதிரைத்திறன் தந்தது. காட்சிக்கு வந்த காரிலோ, பென்ட்லி கான்டினென்டல் வரிசைக் கார்களில் பயன்பட்ட, இரண்டு டர்போ பொருத்திய 6 லிட்டர் எஞ்சின் 650 குதிரைத்திறன் தந்தது. சிலிண்டர்களை நெருக்கமான நான்கு வரிசைகளாக அடுக்கியதால் அந்த எஞ்சின் நீளத்தில் குறுகியது. இருந்தும் கோல்ஃப் காரின் முன்பக்கத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சினை அமர்த்தி, பின்சக்கரங்களுக்கு இயக்கம் கொடுத்தார்கள். பின் அச்சும் பின் பிரேக்குகளும் லம்போர்கினி கயார்டோ காரிலிருந்து வந்தன. உடலின் அகலம் 16 சென்டிமீட்டர் கூடியது. உச்ச வேகம் மணிக்கு 325 கிலோமீட்டர் என்று நிறுவனம் அறிவித்தது.

கேள்வி: இவ்வளவு சக்தியும் லம்போர்கினி பாகங்களும் இருந்தும், வளைவுகளில் அது ஏன் அப்படித் தடுமாறியது?
– வாசகர், ஈரோடு

பதில்: நேர்ச்சாலையில் அது பறந்தது என்பதையும், வளைவு வந்ததும் கிளார்க்சன் குறைகளை அடுக்கத் தொடங்கினார் என்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். இதில் வியப்பில்லை. ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவரும் முன் சக்கரங்களை உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை மட்டுமே பொறியாளர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, ஸ்பிரிங்குகளையும் அவற்றின் துள்ளலை அடக்கும் டாம்பர்களையும் திரும்பத் திரும்ப மாற்றிச் சரிசெய்வார்கள். டபிள்யூ12-650 சில வாரங்களுக்குள் மேடைக்காகக் கட்டப்பட்ட கார்; அந்த உழைப்புக்கு அங்கே காலமும் இல்லை, தேவையும் இல்லை. முன்சக்கரங்கள் இழுக்கும்படி வடிவமைக்கப்பட்ட ஒரு குடும்பக் காரின் எடைப்பங்கீட்டை அடியோடு மாற்றி, கனமான எஞ்சினை நடுவில் வைத்து, முழுச் சக்தியையும் பின்சக்கரங்களுக்கு அனுப்பினால், வெவ்வேறு கார்களிலிருந்து வந்த பாகங்கள் தாமாகவே ஒத்துப்போய்விடா. சமையல் தெரிந்த நால்வர் ஆளுக்கொரு பொருளைப் போட்ட குழம்பு போன்றது அது.

அந்தப் பகுதியை நான் குறையாகச் சொல்லமாட்டேன், நல்ல வேடிக்கை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஹாட் ஹேட்ச் (சிறிய குடும்பக் காரின் வேகமான வடிவம்) என்றாலே அடங்காத கார் என்று எண்ணுவது தவறு. 1976இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1.6 லிட்டர் எஞ்சினும் 110 குதிரைத்திறனும் கொண்டது. எடை ஏறத்தாழ 810 கிலோ மட்டுமே. 5,000 கார்கள் விற்றால் போதும் என்ற கணக்கில் தொடங்கிய அந்தக் காரின் முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றதற்குக் காரணம், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மாலையில் மலைப்பாதையில் மகிழ்ச்சியாக ஓட்டவும் அதே கார் உதவியதுதான். பின் இருக்கையைப் பிடுங்கிய கணத்திலேயே டபிள்யூ12-650 அந்தக் குடும்பத்திலிருந்து வெளியேறிவிட்டது என்பது என் கருத்து.

கேள்வி: 'டாப் கியர்' நிகழ்ச்சியில் முகம் காட்டாத ஓட்டுநர் 'ஸ்டிக்' ஓட்டிப் பதிவுசெய்த சுற்று நேரத்தை வைத்துக் கார்களை ஒப்பிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓரளவுக்கு மட்டும். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தின் டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளத்தில், ஓடுபாதைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சாலைகளையும் இணைத்து அமைத்த, 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடம் அது. ஒரே தடம், தலைக்கவசம் கழற்றாத ஓட்டுநர் என்பது வரைக்கும் ஒப்பீட்டுக்கு வசதிதான். மழையில் நனைந்த தடத்தில் ஓட்டிய நேரங்களைப் பலகையில் தனியாகக் குறித்தும் வைத்தார்கள். ஆயினும் வெப்பநிலை, டயர், கியர் பெட்டி என்று எத்தனையோ வேறுபாடுகள் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன.

டபிள்யூ12-650 அந்தத் தடத்தைச் சுற்ற எடுத்துக்கொண்டது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அதில் பாதிச் சக்திகூட இல்லாத, கதவுகளோ கூரையோ இல்லாத ஏரியல் ஆட்டம் என்னும் எடை குறைந்த கார் 1 நிமிடம் 20 விநாடிக்குள் சுற்றியது. எடையின் மதிப்பை உணர இந்த இரண்டு நேரங்களே போதும். ஆனால் மழைக்காலத்தில் கடைவீதிக்குப் போய்வர எது உகந்தது என்பதை அவை சொல்லா. காரின் குணத்தை அறிய விரும்புவோர், டிஃப் நீடெல், ஜேசன் பிளேட்டோ போன்ற பந்தய ஓட்டுநர்கள் பங்கேற்ற 'ஃபிஃப்த் கியர்' நிகழ்ச்சியின் ஒப்பீடுகளையும் பார்க்கலாம். அங்கே சிரிப்பு குறைவு, செய்தி அதிகம்.

கேள்வி: சாதாரண ஜி.டி.ஐ. காரை 'டாப் கியர்' குழுவினர் மதித்ததே இல்லையா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: மதித்தார்கள். 2014இல் வந்த 21ஆவது தொடரின் முதல் பகுதியில் தொகுப்பாளர்கள் மூவரும் எண்பதுகளின் ஹாட் ஹேட்ச் கார்களுடன் வந்தார்கள்: கிளார்க்சன் கோல்ஃப் ஜி.டி.ஐ., ரிச்சர்ட் ஹேமண்ட் வாக்ஸால் நோவா, ஜேம்ஸ் மே ஃபோர்டு ஃபியஸ்டா எக்ஸ்.ஆர்.2. கிண்டல் இல்லாமல் அவர்களால் எதையும் செய்ய முடியாது என்றாலும், தம் இளமைக்காலத்துக் கார்களின் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் அதில் தெரிந்தது. இந்த வகைக் காரைப் பற்றி அறிய டபிள்யூ12-650 பகுதியைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஜி.டி.ஐ. இந்தியாவில் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: 2016இல் மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ. கார்கள் 99 மட்டும் வந்தன. கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025 மே மாதத்தில் முழுமையான இறக்குமதியாக, 53 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. முதற்கட்டமாக ஒதுக்கப்பட்டவை 150 கார்கள். எஞ்சின் 2 லிட்டர், சக்தி 265 குதிரைத்திறன், இயக்கம் முன்சக்கரங்களுக்கு. பின் இருக்கையும் உண்டு.