ரூபிடியம் கடிகாரம் நகர்ந்தால் சீசியம் வாங்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் மின்னணு அளவுகருவிகளைக் காலிபரேஷன் செய்து தரும் கூடம் ஒன்றை நடத்துகிறேன். 10 மெகாஹெர்ட்ஸ் தரும் ரூபிடியம் கருவிதான் எங்கள் மூலத்தரம், அதாவது மற்றவற்றை ஒப்பிடும் அடிப்படை. ஜிபிஎஸ் துடிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்ததில், 14 மாதங்களில் அதன் அதிர்வெண் 4×10⁻¹⁰ விகித அளவுக்கு (பத்து மெகாஹெர்ட்ஸில் அவ்வளவு பங்கு) உயர்ந்திருக்கிறது. போதாததற்குப் பகலுக்கும் இரவுக்கும் இடையே 3×10⁻¹¹ ஏறி இறங்குகிறது. "அணுக்கடிகாரம் நகரவே கூடாது, இது பழுதாகிவிட்டது, சீசியத்துக்கு மாறுங்கள்" என்கிறார் விற்பனையாளர். அணு மாறாது என்றால் கடிகாரம் மட்டும் ஏன் மாறுகிறது? சீசியம் வாங்கத்தான் வேண்டுமா? அடுத்து உதகையில் கிளை திறக்க இருக்கிறோம். அங்கே உயரத்துக்காகத் திருத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கருவி பழுதானதாகத் தெரியவில்லை. 14 மாதங்களில் 4×10⁻¹⁰ என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 3×10⁻¹¹. இந்த வகைக் கருவிகளின் தரவுத்தாளில் மாத முதிர்வு (வயதாவதால் வரும் நகர்வு) 5×10⁻¹¹ வரை அனுமதிக்கப்பட்டிருப்பது வழக்கம். விற்பனையாளர் சொன்னது பொய் என்பதைவிட, அவர் தரவுத்தாளைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வோம். பகலிரவு ஏற்ற இறக்கம் வேறு கதை. அதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல, உங்கள் அறை.

அணு மாறாது என்பது உண்மைதான். ஆனால் எதனோடும் மோதாமல், ஒளி படாமல், காந்தப்புலம் இல்லாத இடத்தில், அசையாமல் இருக்கும் அணுவுக்குத்தான் அது பொருந்தும். அப்படி ஓர் அணு எந்தக் கருவிக்குள்ளும் கிடையாது. ரூபிடியம்-87 அணுவின் நுண்பிளவு அதிர்வெண், அதாவது மிக நெருங்கிய இரு ஆற்றல் மட்டங்களுக்கு இடைப்பட்ட தாவலின் அதிர்வெண், 6,834,682,611 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. உங்கள் கருவிக்குள் இருக்கும் அணுக்கள் அந்த எண்ணில் அதிர்வதில்லை. அதிலிருந்து ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் தள்ளி அதிர்கின்றன.

காரணம், கண்ணாடிக் குமிழுக்குள் ரூபிடியம் ஆவியுடன் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும் பஃபர் வாயு. அது இல்லாவிட்டால் அணுக்கள் நொடிக்குள் பலமுறை கண்ணாடிச் சுவரில் மோதித் தம் நிலையை இழந்துவிடும். வாயு அவற்றைச் சுவருக்குப் போகவிடாமல் தாமதப்படுத்துகிறது. ஆனால் வாயு மூலக்கூறு ஒவ்வொன்றும் மோதும்போது அணுவின் அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளிவிடுகிறது. நைட்ரஜன் ஒரு டார் (அழுத்த அலகு) அழுத்தத்துக்கு சுமார் 550 ஹெர்ட்ஸ் மேலே தள்ளும். ஆர்கான் சுமார் 55 முதல் 60 ஹெர்ட்ஸ் கீழே இழுக்கும். வெப்பநிலை மாறும்போது இரண்டின் விளைவும் வெவ்வேறு விதமாக மாறுவதால், சரியான விகிதத்தில் கலந்தால் வெப்பத்தின் பாதிப்பு பெருமளவு ரத்தாகிவிடும். முழுவதும் அல்ல. தொழிற்சாலையில் இந்த மொத்த விலகலையும் அளந்து, மின்சுற்றில் ஈடுசெய்து, வெளியே சரியாக 10 மெகாஹெர்ட்ஸ் வரும்படி அமைத்துவிடுகிறார்கள். ரூபிடியம் குமிழை ஏன் முதன்மைத் தரமாக (வேறொன்றோடு ஒப்பிடாமலே நம்பத்தக்க தரமாக) ஏற்பதில்லை என்பது இப்போது விளங்கும். அதன் எண்ணைத் தீர்மானிப்பது இயற்கை மட்டுமல்ல, குமிழை மூடியவரின் கையும்தான்.

ஆக, ஒரு விளைவு எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு முக்கியமல்ல. அது மாறாமல் இருந்தால் ஒருமுறை திருத்திவிட்டுப் போகலாம். மாறத் தொடங்கும்போதுதான் தொல்லை. உங்கள் இரண்டு எண்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள்.

முதலில் 14 மாத உயர்வு. முதல் சந்தேகம் ஹீலியம். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. அதன் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 0.004 டார். கண்ணாடி மற்ற வாயுக்களைத் தடுத்தாலும் ஹீலியத்தை மெல்ல உள்ளே விட்டுவிடும், அதுவும் சூடாக வைத்திருக்கும் கண்ணாடி இன்னும் எளிதாக. ஹீலியம் ஒரு டாருக்கு சுமார் 720 ஹெர்ட்ஸ் மேலே தள்ளும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும்போது மொத்த உயர்வு 3 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. விகிதமாகச் சொன்னால் சுமார் 4×10⁻¹⁰. உங்கள் எண்ணும் அதுவே என்பதைப் பார்த்து உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கருவியின் வயது, கண்ணாடியின் வகை ஆகியவற்றைப் பொறுத்து இது தற்செயலாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஹீலியம் கசிவுச் சோதனை நடக்கும் அறையிலோ ஹீலியம் சிலிண்டர் அருகிலோ அதை வைக்காதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் விளக்கு. அணுக்களைத் தயார்ப்படுத்தும் ரூபிடியம் விளக்கின் ஒளியே அவற்றின் ஆற்றல் மட்டங்களை இடம்பெயரச் செய்கிறது. இதை ஒளிப்பெயர்ச்சி என்பார்கள். விளக்கில் உள்ள ரூபிடியம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணாடிக்குள் உறிஞ்சப்பட்டு ஒளிச்செறிவு மாறும். சில நேரம் திடீரென்று தாவும். பல கருவிகளில் விளக்கின் செறிவைக் காட்டும் மின்னழுத்த வெளியீடு ஒன்று இருக்கும். அதை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். அதிர்வெண் நகர்வும் விளக்கு மின்னழுத்தமும் சேர்ந்தே நகர்ந்தால் குற்றவாளி விளக்கு. விளக்கு அசையாமல் அதிர்வெண் மட்டும் மெல்ல ஏறி, வேகம் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகம் ஹீலியத்தின் பக்கம் திரும்பும்.

இனி பகலிரவு ஏற்ற இறக்கம். ஜிபிஎஸ்ஸைக் குற்றம் சொல்ல முடியுமா என்று முதலில் பார்த்துவிடுவோம். தென்னிந்தியாவும் இலங்கையும் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் இங்கே அயனிமண்டலம் சற்று முரட்டுத்தனமானது. சூரியன் மறைந்தபின் சமிக்ஞை மினுமினுப்பதும் உண்டு. ஆனால் ஒற்றை அதிர்வெண் ரிசீவரில் அயனிமண்டலத் தாமதம் அரை நாளில் 50 நானோநொடி மாறினாலும், அது போலியாகக் காட்டும் விலகல் 10⁻¹² அளவுதான். உங்கள் எண் அதைவிட முப்பது மடங்கு பெரிது. எனவே கருவிதான் உண்மையில் ஏறி இறங்குகிறது.

இரவில் ஏசியை நிறுத்துகிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் நிறுத்துவீர்கள் என்றே நினைக்கிறேன். பூஜ்யம் முதல் 50 டிகிரி வரை 3×10⁻¹⁰ மாறும் ஒரு கருவி, டிகிரிக்கு சராசரியாக 6×10⁻¹² மாறுகிறது. அறை ஐந்து டிகிரி சூடேறினால் உங்கள் 3×10⁻¹¹ வந்துவிடும். சோதிப்பது சுலபம்: கருவியின் அடித்தட்டில் ஒரு வெப்பமானியை ஒட்டி, ஒரு வாரம் ஏசியை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அலை மறைந்துவிட்டால் உங்களுக்குத் தேவை சீசியம் அல்ல, கனமான அலுமினியத் தட்டும் காற்றோட்டம் நேராகப் படாத ஒரு மூடிய அடுக்கும். காற்றே புகாமல் மூடிவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் சூடேற்றி கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

வெப்பத்தைச் சரிசெய்தும் எச்சம் இருந்தால் காந்தப்புலத்தைப் பாருங்கள். இங்கே விளைவு புலத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும்: ரூபிடியத்துக்கு காஸ் (காந்தப்புல அலகு) இருபடிக்கு சுமார் 575 ஹெர்ட்ஸ். கருவிக்குள் வேண்டுமென்றே ஒரு சிறு புலத்தை வைத்திருப்பார்கள். சி-ஃபீல்டு என்று அழைப்பது அதைத்தான். பழைய கருவிகளில் அதிர்வெண்ணைத் திருத்தும் திருகு மாற்றுவதும் இந்தப் புலத்தையே. அது 0.1 காஸ் என்று வைத்துக்கொண்டால், குமிழ் இருக்கும் இடத்தில் புலம் ஆயிரத்தில் ஒரு காஸ் மாறினாலே 1.7×10⁻¹¹ விலகல் வரும். பூமியின் புலமே நம் பகுதியில் 0.4 காஸ் இருக்கும்போது கவசம் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கருவியை மின்மாற்றியிலிருந்து தள்ளி வையுங்கள். காலிபரேஷன் செய்த திசையிலேயே எப்போதும் இருக்கட்டும்; சுத்தம் செய்யும்போது திருப்பி வைத்துவிடுவது வழக்கமான விபத்து.

இதெல்லாம் சீசியத்தில் இல்லையா என்றால், வேறு வடிவில் இருக்கிறது. சீசியம் கற்றைக் குழாயில் பஃபர் வாயு கிடையாது. அணுக்கள் வெற்றிடத்தில் பறக்கின்றன. அதுவே அதன் பெரிய பலம். 1967-இல் நொடியின் வரையறைக்கு 9,192,631,770 ஹெர்ட்ஸ் கொண்ட சீசியம்-133 தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனாலும் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் அணுவுக்குக் காலம் மெதுவாக ஓடுவதால் 3.5×10⁻¹³ குறையும், அணுக்களைத் தூண்டும் நுண்ணலைக் குழியின் இரு முனைகளுக்கிடையே அலையின் கட்டத்தில் வேறுபாடு வந்தால் இன்னொரு விலகல், காந்தப்புல விளைவும் உண்டு. இவற்றையெல்லாம் ஈடுசெய்த வணிகக் கருவி 10⁻¹² அல்லது அதற்குச் சற்றுக் கீழே துல்லியம் தரும், ஆண்டுக்கணக்கில் நகராது. ஆனால் ஒரு நொடி அளவீட்டில் அதன் நிலைப்புத்தன்மை 10⁻¹¹-ஐ ஒட்டியதுதான், உங்கள் ரூபிடியத்தைப் போலவே. கற்றையில் அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் வரும் சிதறல், சராசரி எடுக்கும் நேரத்தின் வர்க்கமூலப்படிதான் அடங்கும். ஆகவே 10⁻¹³-ஐ எட்ட ஏறக்குறைய 10,000 நொடி சராசரி எடுக்க வேண்டும். விலை பல பத்து லட்சம் ரூபாய். குழாயில் இருக்கும் சீசியம் தீர்ந்துபோகும்; சில ஆண்டுகளில் குழாயையே மாற்ற வேண்டிவரும்.

ஆய்வுக்கூடங்களில் இதற்கும் கீழே இறங்கும்போது வேறு எதிரிகள் வருகிறார்கள். சுற்றுச் சுவரின் வெப்பக் கதிர்வீச்சே சீசியத்தை 1.7×10⁻¹⁴ அளவுக்குத் தள்ளுகிறது. அதனால்தான் வரையறை பூஜ்யக் கெல்வினில் இருக்கும் அணுவைப் பற்றியது என்று 1997-இல் தெளிவுபடுத்தினார்கள். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி-எஃப்2 நீரூற்றுக் கடிகாரத்தில் (அணுக்களை மேலே எறிந்து விழவிட்டு அளப்பது) அணுக்கள் பறக்கும் குழாயை திரவ நைட்ரஜனால் சுமார் 80 கெல்வினுக்குக் குளிர்வித்தது இதற்காகவே. துடிப்பு துடிப்பாக இயங்கும் கடிகாரங்களில், அணுவைப் பார்க்காத இடைவெளியில், அலையை உண்டாக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும்; அதற்கு டிக் விளைவு என்று பெயர். சுவையான இயற்பியல். உங்கள் கூடத்துக்கு இவற்றால் ஒரு பாதிப்பும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. ரூபிடியத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ்ஸைக் கொண்டு மெல்லத் திருத்தும்படி இணையுங்கள். ஜிபிஎஸ் துடிப்பு ஒரு நொடியில் 10 நானோநொடி தள்ளாடும், அதாவது 10⁻⁸. ஒரு நாளில் அதே தள்ளாட்டம் 10⁻¹³ ஆகச் சுருங்கிவிடும். குறுகிய நேரத்துக்கு ரூபிடியமும் நீண்ட நேரத்துக்கு ஜிபிஎஸ்ஸும் நம்பத்தக்கவை. இரண்டும் சந்திக்கும் இடம் சில ஆயிரம் நொடிகள். கட்டுப்பாட்டின் நேர மாறிலியை (திருத்தம் எவ்வளவு மெல்ல நடக்கிறது என்பதை) அங்கே வையுங்கள். நூறு நொடி என்று வைத்துவிட்டு ஜிபிஎஸ்ஸின் நடுக்கத்தை வெளியீட்டில் ஏற்றிக்கொள்பவர்களே அதிகம். எதற்கும் முன்னால் அறை வெப்பத்தைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் பகலிரவு அலை இவ்வளவு நீண்ட மாறிலியின் பிடியில் முழுவதும் அடங்காது. கையால் ஒப்பிடுவதாக இருந்தால் முழு 24 மணிநேரச் சராசரியை எடுங்கள். சான்றிதழுக்குத் தேவையான தொடர்புச் சங்கிலி, இந்திய நேரத்தைப் பராமரிக்கும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போக வேண்டும் என்பதால், ஒப்பீட்டுப் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்.

உதகை பற்றி. ஐன்ஸ்டைன் சொன்னபடி, உயரே உள்ள கடிகாரம் மீட்டருக்கு 1.1×10⁻¹⁶ வேகமாக ஓடும். கோவைக்கும் உதகைக்கும் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம் என்றால் 2×10⁻¹³. கொலராடோவின் போல்டரில் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் அமெரிக்கக் கடிகாரங்களுக்கு இந்தத் திருத்தம் தவிர்க்க முடியாதது; உங்கள் ரூபிடியத்தின் இரைச்சலுக்குள் அது காணாமல் போய்விடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது காற்றழுத்தத்தைப் பற்றி. உதகையில் அழுத்தம் கோவையைவிட சுமார் 190 ஹெக்டோபாஸ்கல் குறைவு. மெல்லிய காற்றில் கருவியின் வெப்பம் வெளியேறும் விதம் மாறுகிறது, குமிழின் சுவரும் மிகச் சிறிதளவு வளைகிறது. ஹெக்டோபாஸ்கலுக்கு 10⁻¹³ அளவு உணர்திறன் உள்ள கருவி 2×10⁻¹¹ மாறிவிடும். சார்பியல் விளைவைவிட நூறு மடங்கு. ஆகவே கணக்குப் போட்டுத் திருத்தாதீர்கள். கருவியை மலைக்குக் கொண்டுபோய், இடைவிடாமல் சில நாள் சூடாக ஓடவிட்டு, அங்கேயே ஜிபிஎஸ்ஸுடன் ஒப்பிட்டுப் புதிதாக அமையுங்கள்.