டூ-இன்-ஒன்னா, லேப்டாப்பா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் சிவில் இன்ஜினீயரிங் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கீபோர்டைக் கழற்றிவிட்டு டேப் மாதிரி பிடித்துக்கொள்ளும் டூ-இன்-ஒன் மாடல்தான் வேண்டும் என்கிறாள். கடைக்காரரோ சாதாரண லேப்டாப்பே போதும் என்கிறார். பட்ஜெட் 65,000 ரூபாய். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தகப்பனார், ஈரோடு

பதில்: கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மகளுக்கு வரைபட மென்பொருளான ஆட்டோகேட் வரும், அடுத்து கட்டடத்தை 3டி மாதிரியாக அமைக்கும் ரெவிட் வரும், மூன்றாமாண்டில் கட்டட அனாலிசிஸ் மென்பொருளும் வரும். கழற்றும் மாடலில் ப்ராசஸர், போர்டு, பேட்டரி மூன்றும் திரைக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குள் அடைந்து கிடக்கின்றன. சூடு வெளியேற இடம் குறைவு. பல மாடல்களில் ஃபேனே கிடையாது. சூடு ஏறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஷோரூமில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தால் பறக்கும். பெரிய வரைபடத்தைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வேலை செய்தால்தான் சுயரூபம் தெரியும்.

அடுத்தது பில். பெரும்பாலான கழற்றும் மாடல்களுக்கு விளம்பரத்தில் போடும் விலை திரைக்கு மட்டும். கீபோர்டு தனி, பேனா தனி. அந்த இரண்டையும் சேர்த்து 65,000-க்குள் அடக்கப் பார்த்தால் 16 ஜிபி ரேம் 8 ஜிபி ஆகிவிடும். அந்த ரேமும் போர்டிலேயே ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபியில் ரெவிட் ஓட்டுவது மாட்டுவண்டியில் லாரிச் சுமை ஏற்றுகிற கதை.

கடையிலேயே இதைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். கீழே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் கழற்றி மாற்றும் ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ஒட்டியது. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியில் இரண்டில் ஒன்று என்று வந்தால், பின்னாளில் இன்னொரு ரேம் போட இடமிருக்கிறது. சில ஒட்டிய ரேம் மாடல்களில் எட்டில் எட்டு என்றுகூடக் காட்டும். அது சிப்களின் கணக்கு, ஏமாறாதீர்கள்.

16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை என்று பாருங்கள். எடை 1.7 கிலோ அளவில் இருக்கும். பை கனக்கும்தான். ஆட்டோகேடுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாணவர்களுக்கு அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் இலவச உரிமம் தருகிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆன்லைனில் கணக்கு நடத்துகிறேன். திரையில் எழுதிக் காட்ட வேண்டும். எது வாங்கலாம்?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தினமும் பேனா பிடிக்கிற உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் டூ-இன்-ஒன் வகைகளே வந்தன. ஆனால் ‘டச் ஸ்க்ரீன்’ என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். விரலுக்கு வேலை செய்யும் திரையெல்லாம் பேனாவுக்கு ஒத்துவராது. ரப்பர் முனை வைத்த 200 ரூபாய்ப் பேனா எந்த டச் ஸ்க்ரீனிலும் கோடு போடும். கை பட்டால் அதுவும் கோடாகும். இன்டக்ரல் குறி போட்டு முடிப்பதற்குள் பக்கமெல்லாம் கிறுக்கல். உங்களுக்கு வேண்டியது ‘ஆக்டிவ் பேனா’. அது பக்கத்தில் வந்ததுமே திரை உள்ளங்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

பேனாவிலும் சாதி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் எம்பிபி, வாகாமின் ஏஇஎஸ், குரோம்புக்குகளில் அதிகம் வரும் யுஎஸ்ஐ என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத முறைகள். உங்கள் மாடலுக்கு எது என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துவிட்டுப் பேனா வாங்குங்கள். பேட்டரி போடும் பேனா என்றால் அது ‘ஏஏஏஏ’ அளவா என்று கேளுங்கள். நான்கு ஏ. தெருமுனைக் கடையில் கிடைக்காது. சார்ஜ் ஏறும் பேனாவே மேல்.

கழற்றும் மாடலா, முழுசாகத் திருப்பி மடிக்கும் 360 டிகிரி மாடலா? மேசையில் படுக்க வைத்து எழுதினால் எதுவானாலும் சரி. கையில் ஏந்தி எழுதுவதென்றால் மடிக்கும் மாடல் சரிவராது. 14 அங்குல மாடலே பெரும்பாலும் 1.4 கிலோவுக்கு மேல், பத்து நிமிடத்தில் மணிக்கட்டு பேசும். திரையின் நீள-அகல விகிதத்தையும் கவனியுங்கள். 13 அங்குல 3:2 திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் 18.3-க்கு 27.5 செ.மீ.; ஏ4 தாளுக்குக் கொஞ்சம்தான் சிறிது. 14 அங்குலம் 16:9 என்றால் அகலம் 17.4 செ.மீ., நீளம் 31 செ.மீ. கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் எழுத வசதி, கணக்குக்கு இல்லை.

இன்னொன்று. ஏற்கெனவே நல்ல லேப்டாப் இருந்தால் புதிதாக எதுவுமே வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் பென் டேப்லெட் (பேனாவால் எழுதும் திரையில்லாப் பலகை) நாலைந்து ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. கை ஓரிடம், கண் ஓரிடம் என்று முதல் வாரம் தடுமாற்றமாக இருக்கும், பழகிவிடும்.

கேள்வி: வரி ஆலோசகர் அலுவலகம் நடத்துகிறேன். மெலிதான ஸ்னாப்டிராகன் டூ-இன்-ஒன் ஒன்று பார்த்தேன். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: பேட்டரி நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதிலிருப்பது ஆர்ம் வகை ப்ராசஸர். இன்டெல், ஏஎம்டிக்கு எழுதிய மென்பொருள்களை விண்டோஸ் அதில் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்) அப்படி ஓட்ட முடியாது. டிரைவர் ஆர்ம்64-க்கென்றே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் ரிட்டர்னில் கையெழுத்திடும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், மூலையில் இருக்கும் பழைய பிரின்டர், ஸ்கேனர் மூன்றும் டிரைவரை நம்பி ஓடுபவை. அந்தந்த நிறுவனத்தின் டவுன்லோடு பக்கத்தில் ‘விண்டோஸ் ஆர்ம்64’ என்று தனியாக இல்லையென்றால், கடைசித் தேதி இரவு 11 மணிக்கு டோக்கனைச் செருகிவிட்டு விழித்துக்கொண்டிருப்பீர்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி லேப்டாப், பழைய அகல யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு இருப்பதாக, வாங்குங்கள்.

கேள்வி: பேருந்தில் மடியில் வைத்துத் தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி?
– விழுப்புரம்

பதில்: லேப்டாப். திரையைப் பின்னாலிருந்து தாங்கும் முட்டுக்கால் வைத்த கழற்றும் மாடலுக்குக் கீபோர்டு நுனியிலிருந்து கால்வரை ஏறக்குறைய 35 செ.மீ. இடம் வேண்டும். முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் போச்சு. வேகத்தடையில் முட்டுக்கால் தொடையில் குத்தும். விண்டோஸ் 11-ல் தமிழ்99, அஞ்சல் ஆகிய கீபோர்டு முறைகள் இரண்டும் உள்ளேயே உண்டு. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேள்வி: இரண்டு வருடப் பழைய டூ-இன்-ஒன். கீபோர்டு திடீர் திடீரென்று வேலை செய்வதில்லை. கழற்றி மாட்டினால் சரியாகிறது. கீபோர்டு போய்விட்டதா?
– நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இணைப்புப் புள்ளிகளில் அழுக்கு. திரையின் கீழ் விளிம்பிலும் கீபோர்டிலும் வரிசையாகச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். இயந்திரத்தை முழுக்க அணைத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு நனைத்து இரு பக்கமும் துடையுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் தகராறு என்றால் பயாஸ் திரைக்கு (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் அம்புக்குறி விசைகளைத் தட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு விண்டோஸில். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் அதே மாடல் வைத்திருப்பவரிடம் கீபோர்டை ஒருமுறை கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அது வேலை செய்தால் கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும். அதுவும் அசையாவிட்டால் கோளாறு திரைப் பக்கம். பிரிக்கத் திரையையே சூடுகாட்டிப் பெயர்க்க வேண்டும், பல சமயம் கண்ணாடி விரியும். பிரிக்கும் முன் கூலியோடு, திரை உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 72 வயது அம்மாவுக்கு வீடியோ காலும் பத்திரிகை படிப்பதும்தான் வேலை. டூ-இன்-ஒன்னா, லேப்டாப்பா?
– சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப், நிமிர்த்தி வைக்கும் உறை. எழுத்தளவை இரண்டு படி கூட்டிக் கொடுங்கள்.